கோழியைக் கையில் எடுங்கள்!
கண் ஏமாறும்; கை ஏமாறாது

நேற்று மாலை முற்றத்தில் மேய்ந்துகொண்டிருந்த கோழி. இன்று காலை கூடையைத் தூக்கிப் பார்த்தால் செத்துக் கிடக்கிறது.

“நல்லாத்தானே இருந்தது! திடீரென்று போய்விட்டதே!” என்று வீட்டுக்காரி அங்கலாய்க்கிறாள்.

திடீரென்று போனதா? சில நோய்கள் அப்படித்தான் வரும். அதைப் பின்னால் சொல்கிறோம். ஆனால் பல கோழிகள் திடீரென்று சாவதில்லை. பத்து நாள், பதினைந்து நாளாகவே இளைத்துக்கொண்டு வருகின்றன. மேலே இறகு மூடியிருக்கிறது. அதனால் கண்ணுக்குத் தெரிவதில்லை.

கையில் எடுத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

கோழிக்கு ஒரு குணம் உண்டு. தன் நோயை அது மறைக்கும். கூட்டத்தில் ஒன்று சோர்ந்து நின்றால் மற்றவை அதைக் கொத்தும். பருந்தும் பூனையும் அதைத்தான் முதலில் பார்க்கும். ஆகவே, கடைசி மூச்சு வரை நன்றாக இருப்பதுபோல் நடிப்பது அதன் பிறவிப் பழக்கம். சிறகைத் தொங்கப் போட்டுக்கொண்டு மூலையில் நிற்கிறது என்றால், நடிக்கவும் அதற்குத் தெம்பு இல்லை என்று அர்த்தம். அதன் பிறகு ஓடுவது பல சமயம் பலன் தருவதில்லை.

அதற்கு முன்பே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. காசு செலவில்லாத வழி. வாரம் ஒரு நாள் ஒவ்வொரு கோழியையும் கையில் எடுத்துத் தடவிப் பார்ப்பதுதான் அது.

தறியும் கோழியும்

திருவள்ளூர் மாவட்டத்தில், ஆந்திர எல்லையோரம் இருக்கிறது பொதட்டூர்பேட்டை. பள்ளிப்பட்டு தாலுகாவைச் சேர்ந்தது. நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர். தெருவில் நடந்தால் தறிச் சத்தம் கேட்கும்.

நெசவாளியின் விரலுக்கு ஒரு சக்தி உண்டு. பாவில் ஆயிரக்கணக்கான இழை இருக்கும். அதில் ஒன்று அறுந்தால், கண் தேடிக்கொண்டிருக்கும்போதே விரல் போய் அந்த இடத்தில் நிற்கும். இழை தளர்ந்திருக்கிறதா, முறுக்கு ஏறியிருக்கிறதா என்பதையும் விரலே சொல்லிவிடும்.

அந்த விரல்தான் கோழி வளர்ப்புக்கும் வேண்டும்.

இப்படி ஒரு நெசவு வீட்டை எண்ணிப் பாருங்கள். முன்கட்டில் தறி. பின்கட்டில் பத்துக் கோழி. வீட்டில் மாமியாரும் புதிதாக வந்த மருமகளும் இருக்கிறார்கள். முட்டைக் காசு பெண்களின் கைக்காசு. பிள்ளையின் பள்ளிக்கூட நோட்டு அதில் வரும். காய்ச்சல் வந்தால் மருந்துக்கும் அதுதான். நூல் கிடைக்காமலோ, துணி விற்காமலோ தறி நிற்கும் மாதங்களில் அடுப்பில் உலை வைப்பதற்கும் அந்தக் காசு கைகொடுக்கும்.

பத்துக் கோழியும் ஒரே வாரத்தில் செத்துப்போனால், அந்த வீட்டில் ஒரு தறி நின்றுபோனதற்குச் சமம்.

எப்போது பிடிப்பது?

பகலில் கோழியைத் துரத்தக் கூடாது. துரத்தினால் அது பயந்து மூச்சிரைக்கும். முட்டையிடும் கோழி அடிபடும். பிடித்த பிறகு பார்த்தாலும் உண்மை தெரியாது. ஓடி வந்த கோழிக்கு எப்போதுமே மூச்சு வாங்கும் அல்லவா?

பொழுது சாய்ந்து, கோழிகள் அடைந்த பிறகு பிடிக்க வேண்டும். இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது. அடங்கிக் கிடக்கும். சின்ன விளக்கு ஒன்று போதும்.

ஒரு கையை மார்புக்கு அடியில் கொடுங்கள். இரண்டு கால்களும் விரல்களுக்கு இடையில் வரட்டும். மற்றொரு கையால் இறக்கைகளை அணைத்துப் பிடியுங்கள். கோழியின் பாரம் உங்கள் உள்ளங்கையில் இருக்க வேண்டும். கால்களைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடுவது தவறு.

நெஞ்சை இறுக்கிப் பிடிப்பது அதைவிடத் தவறு. நமக்கு நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உதரவிதானம் என்று ஒரு தசை இருக்கிறது. அது ஏறி இறங்குவதால் நாம் மூச்சு விடுகிறோம். கோழிக்கு அந்தத் தசை இல்லை. அதன் நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் காற்று உள்ளே போகும். நெஞ்சை அமுக்கினால் அதற்கு மூச்சு நின்றுவிடும். குழந்தைகளிடம் கோழியைக் கொடுக்கும்போது இதை முதலில் சொல்லிக் கொடுங்கள்.

நெஞ்செலும்பு என்ன சொல்கிறது?

அந்த வீட்டு மாமியார் ஒரு கோழியை எடுத்து மருமகளின் கையில் வைக்கிறாள்.

“அதோட நெஞ்சைத் தடவிப் பாரும்மா. எப்படி இருக்குது?”

“நடுவுல எலும்பு இருக்குது அத்தை. ரெண்டு பக்கமும் சதை மெத்துன்னு இருக்குது.”

“சரி. இப்போ இந்தச் சிவப்புக் கோழியைப் பாரு.”

மருமகள் தொட்டவுடன் கையை எடுத்துவிடுகிறாள். “அத்தை, கத்தி மாதிரி இருக்குதே!”

“பார்த்தியா? வெளியே பார்த்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியுது. இது இளைச்சுப் போச்சு.”

இதுதான் முதல் பாடம். நெஞ்செலும்பின் இரு பக்கமும் சதை உருண்டு இருந்தால் கோழி நன்றாக இருக்கிறது. எலும்பு கத்தி முனைபோலத் துருத்திக்கொண்டு, இரு பக்கமும் பள்ளமாக இருந்தால் ஏதோ கோளாறு. வயிற்றில் பூச்சி இருக்கலாம். பேன் தொல்லை இருக்கலாம். மற்றக் கோழிகள் விரட்டுவதால் தீனி கிடைக்காமல் இருக்கலாம். காரணம் எதுவானாலும், அந்தக் கோழியைத் தனியே பிரித்துக் கவனிக்க வேண்டும்.

வீட்டில் தராசு இருந்தால் இன்னும் நல்லது. கோழியை ஒரு பையில் வைத்து எடை பாருங்கள். ஒரு முறை பார்க்கும் எடை அவ்வளவாக ஒன்றும் சொல்லாது. சென்ற வாரத்தைவிட இந்த வாரம் குறைந்திருக்கிறதா என்பதே கேள்வி. நாமக்கல் பக்கம் ஆயிரக்கணக்கில் கோழி வளர்க்கும் பண்ணைகளில்கூட, வளரும் கோழிகளில் சிலவற்றைப் பிடித்து எடை போட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். அத்தனை கோழி உள்ளவர்களே பார்க்கும்போது, பத்துக் கோழி உள்ள நாம் பார்க்கக் கூடாதா?

இரைப்பையில் இரண்டு வேளை

கழுத்து முடிந்து நெஞ்சு தொடங்கும் இடத்தில் இரைப்பை இருக்கிறது. கோழி கொத்தித் தின்பது முதலில் இங்கேதான் சேரும்.

மாலையில் இது நிறைந்திருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் ஊறிய தானியம்போல் நெகிழ்ந்து கொடுக்க வேண்டும். காலையில் கூடையைத் திறக்கும்போது காலியாக இருக்க வேண்டும்.

மாலையிலும் காலியாக இருந்தால் கோழி தீனி எடுக்கவில்லை. காலையிலும் கல்லுபோல் கெட்டியாக இருந்தால் அடைத்துக்கொண்டிருக்கிறது. நீர் நிறைந்த பைபோல் தளதளத்து, வாயில் புளித்த நாற்றம் வீசினால் உள்ளே புளித்துப்போயிருக்கிறது. இந்த இரண்டுக்கும் கால்நடை டாக்டரிடம் போவதே நல்லது. தலைகீழாகப் பிடித்துப் பிதுக்கினால் அந்த நீர் மூச்சுக் குழலில் ஏறிக் கோழி அங்கேயே செத்துவிடும்.

நெசவு வீடுகளுக்கு இங்கே ஒரு தனி எச்சரிக்கை. தறியடியில் விழும் கழிவு நூலை முற்றத்தில் பெருக்கித் தள்ளாதீர்கள். கோழி அதைப் புழு என்று கொத்தி விழுங்கும். நூல் சுருண்டு இரைப்பையை அடைத்துவிடும். சில சமயம் காலில் சுற்றிக்கொள்ளும். நடக்க நடக்க இறுகும். இரத்த ஓட்டம் நின்று விரலே அழுகிப்போகும். அடையாளத்துக்காகக் கோழியின் காலில் நூல் கட்டுவதும் இதனால்தான் கூடாது. தளர்வான பிளாஸ்டிக் வளையம் போடலாம்.

தலை முதல் கால் வரை

நெஞ்சும் இரைப்பையும் பார்த்தாயிற்று. மற்றவற்றை வரிசையாகப் பார்க்கலாம். பழகிவிட்டால் ஒரு கோழிக்கு இரண்டு நிமிஷம் போதும்.

கொண்டை: சிவப்பாக, மினுமினுப்பாக இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் இரத்தம் குறைந்திருக்கிறது. அடைகாக்கும் கோழிக்கும், இறகு உதிர்க்கும் கோழிக்கும் கொண்டை சற்று வெளுத்துத்தான் இருக்கும். அது நோய் அல்ல. ஆனால் கொண்டை நீலமாகவோ கருப்பாகவோ மாறினால் ஆபத்து. கொண்டையிலும் கண்ணோரத்திலும் பருக்கள் இருந்தால் அம்மையாக இருக்கலாம். கோழி அம்மையைக் கொசு பரப்பும். அதற்குத் தடுப்பூசி உண்டு.

கண்: வட்டமாக, பளிச்சென்று இருக்க வேண்டும். நுரை, பீளை, வீக்கம் எதுவும் கூடாது.

மூக்கும் மூச்சும்: கோழியை உங்கள் காதருகே கொண்டுபோங்கள். நல்ல கோழியின் மூச்சுச் சத்தம் கேட்காது. கர்... கர்... என்று கேட்டால் சளி பிடித்திருக்கிறது. சித்திரை, வைகாசி வெயிலில் கோழி வாயைத் திறந்து, இறக்கையை விரித்து இரைப்பது வேறு விஷயம். அதற்கு நிழலும் குளிர்ந்த தண்ணீரும் வேண்டும். மாலையில் குளிர்ந்த பிறகும் இரைத்தால் அது நோய்.

இறக்கைக்கு அடியில்: இறகை எதிர்ப்புறமாக ஊதிப் பாருங்கள். தோல் தெரியும். பேன் ஓடும். இறகின் அடியில் வெள்ளை வெள்ளையாக ஒட்டியிருப்பது பேனின் முட்டை. எச்சத் துவாரத்தைச் சுற்றித்தான் இவை அதிகம் இருக்கும்.

எச்சத் துவாரம்: சுற்றியுள்ள இறகு சுத்தமாக இருக்க வேண்டும். வெள்ளையாகவோ பச்சையாகவோ எச்சம் ஒட்டிக் காய்ந்திருந்தால் கழிச்சல் இருக்கிறது.

கால்: செதில்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்க வேண்டும். செதில் தூக்கிக்கொண்டு சொரசொரப்பாக இருந்தால், அதற்கடியில் கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சி குடியிருக்கிறது. காலைக் கழுவித் துடைத்து, வேப்பெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ சில வாரம் தொடர்ந்து தடவினால் பூச்சி மூச்சுமுட்டிச் சாகும். பாதத்தின் அடியில் கருப்புப் பொருக்கும் வீக்கமும் இருந்தால் சீழ் பிடித்திருக்கிறது.

உடம்புச் சூடு: கோழியின் உடம்பு நம் உடம்பைவிடச் சூடானது. நமக்கு 98.4 டிகிரி என்றால், அதற்கு ஏறக்குறைய 106 டிகிரி. ஆகவே கையில் எடுத்ததும் சுடுகிறதே என்று பயப்பட வேண்டாம். எல்லாக் கோழியும் ஒரே மாதிரி இருக்கும்போது, ஒன்று மட்டும் சில்லிட்டிருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

இரவில் வரும் திருடன்

பகலில் பார்த்தால் கோழியின்மேல் ஒரு பூச்சியும் இல்லை. ஆனால் கொண்டை வெளுத்துக்கொண்டே போகிறது. முட்டை குறைகிறது. என்ன மர்மம்?

திருடன் கூட்டில் இருக்கிறான்! உண்ணியும் சிவப்புச் செள்ளும் பகலில் சுவர் வெடிப்பிலும் மர இடுக்கிலும் ஒளிந்திருக்கும். இரவில் வெளியே வந்து இரத்தம் குடிக்கும். பொழுது விடிவதற்குள் மறுபடி ஒளிந்துகொள்ளும். இரவில் கோழியைக் கையில் எடுக்கச் சொல்வதற்கு இது இன்னொரு காரணம். அப்போதுதான் திருடன் கையும் களவுமாக அகப்படுவான்.

கோழிக்கு மட்டும் வைத்தியம் செய்து பயனில்லை. கூட்டுக்கும் செய்ய வேண்டும். வெடிப்புகளை மண் பூசி அடையுங்கள். சுண்ணாம்பு அடியுங்கள். கோழி புரள்வதற்குச் சாம்பலும் புழுதியும் கலந்து ஒரு மூலையில் கொட்டி வையுங்கள். அது கோழியின் குளியல் அறை. பேன் மருந்து போட்டால் ஒரு தடவையோடு நிறுத்தாதீர்கள். முட்டைக்குள் இருக்கும் பேன் அப்போது சாகாது. பத்து நாள் கழித்து இன்னொரு தடவை போட வேண்டும்.

ஒன்று மட்டும் செய்யவே கூடாது. வயலுக்குத் தெளிக்கும் பூச்சிமருந்தைக் கோழியின்மேல் தடவாதீர்கள். பேனோடு கோழியும் போய்விடும். அதன் முட்டையைத் தின்னும் குழந்தைக்கும் ஆபத்து.

முட்டையிடுகிறதா, சும்மா தின்கிறதா?

பத்துக் கோழியில் இரண்டு முட்டையிடவில்லை. எந்த இரண்டு? தெரியாமல் நல்ல கோழியை விற்றுவிட்டு, மலட்டுக் கோழிக்குத் தீனி போடுகிறவர்கள் உண்டு.

இதற்கும் கைதான் தராசு. அமெரிக்காவில் கலிபோர்னியாவைச் சேர்ந்த வால்ட்டர் ஹோகன் என்பவர், கையால் தொட்டே முட்டைக் கோழியைத் தேர்ந்தெடுக்கும் முறையை 1913-ல் ஒரு புத்தகமாக எழுதினார். அந்த முறை இன்றும் பயன்படுகிறது.

எச்சத் துவாரத்தின் இரு பக்கமும் இரண்டு கூரான எலும்புகள் தட்டுப்படும். அவற்றுக்கு நடுவே இரண்டு, மூன்று விரல் நுழைந்தால் கோழி முட்டையிடுகிறது. ஒரு விரல் நுழைவதே கஷ்டம் என்றால் இப்போது முட்டையிடவில்லை. அந்த எலும்புகளுக்கும் நெஞ்செலும்பின் முனைக்கும் நடுவே உள்ள வயிறு அகலமாக, மெத்தென்று இருக்க வேண்டும். எச்சத் துவாரம் பெரிதாக, ஈரமாக இருந்தால் முட்டைக் கோழி. சிறுத்து, சுருங்கி, காய்ந்திருந்தால் இல்லை.

அவசரப்பட்டு ஒரே நாளில் தீர்ப்பு எழுதாதீர்கள். அடைகாக்கும் கோழியும் இறகு உதிர்க்கும் கோழியும் சில வாரம் முட்டையிடாது. இரண்டு மாதம் தொடர்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஒரு கோழியைப் பார்த்து நோபல் பரிசு!

கோழியைக் கவனித்தவர்கள் மனிதனுக்கும் நன்மை செய்திருக்கிறார்கள்.

சுமார் 130 ஆண்டுகளுக்கு முன் நடந்தது. ஜாவா தீவில், இன்று ஜகார்த்தா என்று சொல்லப்படும் நகரில், எய்க்மான் என்ற டச்சு டாக்டர் இருந்தார். அங்கே பெரிபெரி என்ற நோயால் சிப்பாய்களும் கைதிகளும் கால் விழுந்து மாண்டுகொண்டிருந்தார்கள். காரணம் தெரியவில்லை.

அவருடைய ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்த கோழிகளும் ஒரு நாள் தள்ளாட ஆரம்பித்தன. கால் மடிந்து விழுந்தன. பிறகு சில மாதத்தில் தாமாகவே தேறின! எய்க்மான் விசாரித்தார். ஆஸ்பத்திரிச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளை அரிசிச் சோற்றைக் கோழிகளுக்குப் போட்டு வந்திருக்கிறார்கள். புதிதாக வந்த சமையற்காரர், “இராணுவத்துச் சோறு கோழிக்கா?” என்று மறுத்துவிட்டார். அதிலிருந்து தீட்டாத அரிசி போட்டார்கள். கோழிகள் பிழைத்துக்கொண்டன.

தவிட்டில் ஏதோ சத்து இருக்கிறது என்று அப்படித்தான் உலகத்துக்குத் தெரிந்தது. அதுவே பி-1 வைட்டமின். எய்க்மானுக்கு 1929-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இது நம் வீட்டுக் கோழிக்கும் பாடம். வெள்ளைச் சோறு மட்டும் போட்டு வளர்க்காதீர்கள். தவிடு, கம்பு, கேழ்வரகு, கீரை ஆகியவற்றையும் கலந்து கொடுங்கள். முட்டை ஓடு கெட்டியாக இருக்கக் கிளிஞ்சல் தூள் வையுங்கள். தீனி சரியாக இருக்கிறதா என்பதை வாராவாரம் அந்த நெஞ்செலும்பே சொல்லிவிடும்.

கை தோற்கும் இடம்

கையால் எல்லாவற்றையும் பிடித்துவிடலாமா? முடியாது. ஒரு நோயிடம் கையும் தோற்றுப்போகும்.

அதுதான் வெள்ளைக்கழிச்சல். படித்தவர்கள் ராணிக்கெட் நோய் என்பார்கள். இங்கிலாந்தில் நியூகாசில் என்ற ஊரில் 1926-ல் இதைக் கண்டார்கள். அடுத்த ஆண்டு, 1927-ல், இமயமலை அடிவாரப் பிரதேசத்தில் உள்ள ராணிக்கெட்டில் கண்டார்கள். ஊர்ப்பெயரே நோய்க்குப் பெயராயிற்று.

இது வைரசால் வருவது. தடுப்பூசி போடாத கூட்டத்தில் புகுந்தால் பத்துக்கு ஒன்பது கோழியைக்கூட வாரிக்கொண்டு போகும். கோழி வாயைப் பிளந்து மூச்சு வாங்கும். வெள்ளையாகவும் பச்சையாகவும் கழியும். கழுத்து திருகிக்கொள்ளும். கால் இழுத்துக்கொள்ளும். இதைக் குணமாக்கும் மருந்து கிடையாது. வெங்காயமும் மஞ்சளும் அரைத்துக் கொடுத்தாலும் நிற்காது.

‘கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா?’ என்பது பழமொழி. மிதித்துச் சாகாது. ஆனால் ஒரு கோழியின் சீக்கு ஒரு தெருவுக் குஞ்சுகளையே சாகடிக்கும்!

வராமல் தடுக்கத்தான் முடியும். அதற்கான மருந்து வெகுதூரத்தில் இல்லை. பொதட்டூர்பேட்டையிலிருந்து சோளிங்கரைத் தாண்டித் தெற்கே போனால் ராணிப்பேட்டை. அங்கே 1932-ல் ஏற்பட்டது அரசாங்கத்தின் கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம். மாடுகளைக் கொள்ளை கொண்ட வெக்கை நோயை எதிர்க்கத் தொடங்கியது அது. கோழிகளுக்கான தடுப்பு மருந்தும் அங்கே தயாராகிறது. ராணிக்கெட்டின் பெயரைப் பெற்ற நோய்க்கு ராணிப்பேட்டையில் மருந்து! பெயர்ப் பொருத்தம் தற்செயல்தான். ஆனால் மறக்காமல் இருக்க உதவும்.

குஞ்சு பொரித்து ஒரு வாரம் ஆனதும் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து விடுவார்கள். எட்டு வாரம் வாக்கில் இறக்கையில் ஊசி போடுவார்கள். தமிழ்நாட்டில் பிப்ரவரி மாதத்தில் ஊர் ஊராகக் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துகிறார்கள். ஊசி இலவசம். மற்ற மாதங்களில் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள்.

இந்த ஊசி மருந்து சூடு பட்டால் கெட்டுவிடும். ஐஸில் வைத்துத்தான் கொண்டுவர வேண்டும். கரைத்த மருந்தை ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். ஆகவே, டாக்டர் வரும்போது கோழிகள் கூடையில் தயாராக இருக்கட்டும். அவர் தெருவில் நிற்க, நீங்கள் கோழியைத் துரத்திக்கொண்டிருந்தால் மருந்து வீணாகும்.

இங்கேயும் கைப் பழக்கம் உதவுகிறது. நல்ல உடம்போடு இருக்கும் கோழிக்குப் போட்டால்தான் ஊசி நன்றாகப் பிடிக்கும். இளைத்த கோழி எது, பூச்சி உள்ள கோழி எது என்று உங்கள் கைக்கு முன்பே தெரிந்திருந்தால், முகாமுக்கு ஒரு வாரம் முன்னதாகவே பூச்சி மருந்து கொடுத்துத் தேற்றிவிடலாம்.

சந்தைக் கோழியைச் சேர்க்காதீர்கள்

புதிதாக வாங்கிய கோழியை நேரே கூட்டத்தில் விடாதீர்கள். மூன்று வாரம் தனியே கட்டி வையுங்கள். அதற்குத் தனித் தண்ணீர், தனித் தீனி. கையில் எடுத்துப் பார்க்கும்போது ஆரோக்கியமான கோழிகளை முதலில் பாருங்கள். புதுக் கோழியையும் சீக்குக் கோழியையும் கடைசியில் பாருங்கள். இல்லாவிட்டால் உங்கள் கையே நோயைச் சுமந்து செல்லும்.

பார்த்து முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். குழந்தைகளையும் கழுவச் சொல்லுங்கள். குஞ்சு அழகாக இருக்கிறது என்று முத்தம் கொடுக்க விடாதீர்கள். கோழியின் எச்சத்தில் உள்ள கிருமிகள் நம் வயிற்றையும் கெடுக்கும்.

ஒரே நாளில் பல கோழிகள் செத்தால் வெறும் கையால் தொடாதீர்கள். குப்பையில் எறியாதீர்கள். அறுத்துச் சமைக்காதீர்கள். அது பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம். கால்நடை மருந்தகத்துக்கு உடனே ஆள் அனுப்புங்கள். 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் உதவி கேட்கலாம்.

ஒரு நோட்டும் ஒரு பென்சிலும்

கை சொல்வதை மனம் மறந்துவிடும். ஆகவே எழுதி வைக்க வேண்டும்.

வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளை இருந்தால் இந்த வேலையை அதனிடம் கொடுங்கள். புதிதாக எழுதக் கற்ற தாய்மார்களுக்கும் இது நல்ல பயிற்சி. ஒரு பக்கத்தில் ஐந்து கட்டம் போட்டால் போதும். தேதி, கோழியின் அடையாளம், எடை, நெஞ்செலும்பு, குறிப்பு. ‘சிவப்பு - கத்தி - பேன் இருக்கிறது’ என்று மூன்று சொல் எழுதினாலே அடுத்த வாரம் எல்லாம் ஞாபகம் வரும்.

நாம் எண்ணிப் பார்த்த அந்த வீட்டில், மருமகள் இப்படித்தான் எழுதத் தொடங்குகிறாள். சிவப்புக் கோழியைத் தனியே பிரிக்கிறார்கள். சாம்பல் குளியல், பேன் மருந்து, தவிடும் கீரையும். மூன்றாவது வாரம் மருமகள் அதைக் கையில் எடுத்து நெஞ்சைத் தடவுகிறாள்.

“அத்தை, கத்தி மழுங்கிப்போச்சு!”

மாமியார் சிரிக்கிறாள். சிரித்துவிட்டு, அடுத்த கோழியை எடுத்து அவள் கையில் கொடுக்கிறாள்.

தாய்மார்களே! இன்று ஞாயிற்றுக்கிழமை. பொழுது சாய்ந்ததும் கோழிகள் கூடு அடையும். விளக்கை எடுத்துக்கொண்டு போங்கள். ஒவ்வொன்றாகக் கையில் எடுங்கள். முதல் நாள் உங்கள் கைக்கு ஒன்றும் புரியாமல் போகலாம். கவலை வேண்டாம். நான்கு ஞாயிறு கழித்துப் பாருங்கள். கோழி வாய் திறந்து சொல்லாததை உங்கள் விரல் சொல்லும்.